தண்ணீர் போன பக்கம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்பச் சாப்பிட வந்தவர்களிடம் உன் தாத்தா வழக்கம்போல அந்தப் பால்கனிக் கதையைச் சொன்னார். தேர் நாளில் முப்பது பேர் ஏறி நிற்கவிருந்த பால்கனியை உன் அம்மா ஒருத்தியாக நின்று தடுத்த கதை. “எம் மவ மட்டும் அன்னைக்குக் கதவ மறிச்சு நிக்கலைன்னா, எத்தன போட்டோவுக்கு மாலை போட்டிருப்போமோ” என்று அவர் முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ கைதட்டினாய். நான் பாயசக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். எட்டு வருடமாக அந்த இடத்தில் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கதையின் தொடக்கத்தில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. தாத்தாவுக்கு அது தெரியாது. விட்டது நான். நீ திங்கட்கிழமை புனேவுக்குப் போகிறாய். அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து, முகம் தெரியாத மனிதர்களின் அறிக்கைகளில் கையெழுத்துப் போடப்போகிறாய். அதற்கு முன் உனக்கு இது தெரிந்தாக வேண்டும். நான் எதையும் நாலு பேர் அறியச் சொல்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் பாராட்டை நாலு பேர் முன்னால் வாங்கிக்கொண்டேன். அதனால் இதையும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

உனக்கு ஐந்து வயதில் நாம் மைசூர் அக்ரஹாரத்துக்குக் குடிவந்தோம். எனக்கு அப்போது இருபத்து மூன்று. உன் அப்பா நம்மை விட்டுப் போனதைப் பற்றி உனக்குத் தெரிந்ததற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு முன் ஆறு வீடு பார்த்திருந்தேன். ஆறிலும் முதல் கேள்வி, “வீட்டுக்காரர் என்ன பண்றார்?” ஏழாவது வீட்டைக் காட்டியவர் தாத்தா. கொள்ளேகாலிலிருந்து வேலைக்கு வந்து மைசூரில் கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டிப் பிழைத்தவர் அவர். எனக்கு எட்டு வயதிருக்கும்போது அந்த வீட்டுக்கு மாடி எடுத்தார்கள். மாடிக்கும் தெருவைப் பார்த்த பால்கனிக்கும் கம்பி கட்டியது அவர்தான். வீட்டுக்காரி பத்மா ஆண்ட்டி, தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மூன்று தலைமுறையாக மைசூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “மோட்டார் போடத் தெரியுமா? நல்லித் தண்ணி காலைல அஞ்சரைக்கு வரும். அந்த நேரத்துக்கு நான் எழுந்திருக்க மாட்டேன்.” குழாய்த் தண்ணீருக்கு மோட்டார் போடத் தெரியும் என்றேன். “ஆய்த்து, சாவி வாங்கிக்கோ” என்றார், சரி என்பதைக் கன்னடத்தில். அவ்வளவுதான். அன்று அவர்மேல் எனக்கு உண்டான நன்றி இன்றுவரை குறையவில்லை. அந்த நன்றியும்தான் என் கண்ணை மறைத்தது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் சிவில் டிப்ளமா படித்தது, ஹெப்பாள் போகும் பஸ்ஸில் பாடப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்து வைத்துப் படித்தது, பிறகு பழைய கட்டடங்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தது எல்லாம் நீ பார்த்தே வளர்ந்தாய். ஆனால் என் வேலை என்ன என்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. விரிசல் என்பது கட்டடம் ஏற்கெனவே அனுபவித்துவிட்ட ஒன்றின் தடம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிபோல ஏறும் விரிசல், அடியில் மண் ஒரு பக்கம் இறங்கியதைச் சொல்லும். மொட்டைமாடிக்குக் கீழே நேர்கோடாக ஓடுவது பெரும்பாலும் வெயில் செய்த வேலை, பயமில்லை. தூணில் மேலிருந்து கீழாகக் கம்பி ஓடும் வழியே, துருக்கறையோடு வந்தால் உள்ளே கம்பி வீங்குகிறது. எதைப் பார்த்தாலும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா? நின்றுவிட்டது பழைய காயம். வளர்வதுதான் நோய்.

பால்கனியின் கணக்கு வேறு. தண்ணீர் நிறைந்த வாளியைக் கை நீட்டிப் பிடித்துப் பார். வலி உனக்குத் தோளின் மேல்பக்கத்தில் தெரியும். பால்கனியும் சுவரிலிருந்து நீட்டிய கைதான். அது சுவரைப் பிடித்திருக்கும் இடத்தில் மேல்பக்கம் இழுபடும். அதனால் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும், விரிசலும் மேல்பக்கத்தில்தான் முதலில் வரும். தரைக்கல்லுக்கு அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில். தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்குப் பூச்சு மழமழவென்று நன்றாகவே தெரியும். இன்னொன்று: கம்பியை எவ்வளவு ஒழுங்காக மேலே கட்டினாலும், கான்கிரீட் போடும் நாளில் சட்டி சுமக்கும் ஆட்கள் அதன்மேல்தான் நடப்பார்கள். மிதிபட்டு அது கீழே இறங்கும். கம்பி கட்டியவர் கூடவே நின்று தூக்கி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். பரீட்சையில் படம் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன்.

உனக்குப் பதின்மூன்று வயதான வருடம், தேருக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பத்மா ஆண்ட்டி என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார். பழைய சிவப்புச் சிமெண்ட் தரை பொரிந்துபோயிருந்தது. “ஏம்மா, தேருக்குள்ள இதுக்குக் கிரானைட் போட்டுடலாம்னு இருக்கேன். பழசு மேலயே போடலாமா? ஒடைச்சா தூசி, எனக்கு மூச்சு முட்டும்.” நான் கீழே போய் அண்ணாந்து பார்த்தேன். ஸ்டூல் போட்டு ஏறிச் சுத்தியலால் தட்டினேன், கணீரென்று கேட்டது. மேலே வந்தேன். நிலைப்படியை ஒட்டி, தரை நீளத்துக்கும் மயிரிழையாக ஒரு கோடு ஓடியது. பார்த்தேன், கண்ணு. பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. சிவப்புத் தரை எங்கும்தான் வெடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வேறொருவர் வீடாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு சாண் உடைத்துப் பார்க்காமல் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் இது என் அப்பா கட்டிய கம்பி. கேட்பது நமக்கு வீடு கொடுத்த பத்மா ஆண்ட்டி. அவருக்கு மூச்சு முட்டும் என்கிறார். “தாராளமா போடுங்க ஆண்ட்டி, எங்கப்பா கட்டினது. யானையே ஏறி நிக்கலாம்” என்றேன். “யானை வேண்டாம்மா, என் நாத்தனார் நின்னா போதும்” என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கதையிலிருந்து நான் விட்டுவிட்ட பகுதி இதுதான். அந்தப் பால்கனிக்கு முதலில் நல்ல பெயர் கொடுத்து, அதன்மேல் இன்னொரு அடுக்கு சிமெண்டையும் கல்லையும் ஏற்றச் சொன்னவள் நான்.

கல் போட்டாயிற்று. வெளிவிளிம்பில் கிராதிக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குட்டைச் சுவர், அதை ஒட்டி ஆண்ட்டியின் பூந்தொட்டிகள். தண்ணீர் போகும் ஓட்டை சுவரோரம், வீட்டுப் பக்கம்; தரைக்கு வாட்டமும் அந்தப் பக்கம் சரிவாகத்தான் வைத்தார்கள். மாடியில் முன்பாதி ஆண்ட்டிக்கு, பின்பாதி நமக்கு என்றாலும் சனிக்கிழமை பால்கனி கழுவுவது உன் வேலை. முதல் சில வாரம் தண்ணீர் ஒழுங்காக ஓட்டைக்கு ஓடியது. பிறகு ஒரு சனிக்கிழமை நீ உள்ளே வந்து சொன்னாய்:

“அம்மா, தண்ணி ஓட்டைக்கு வரல. அந்தப் பக்கம் போய் நிக்குது.”

“தண்ணி தானா வராது. தொடப்பம்னு ஒண்ணு இருக்கு.”

“தள்ளினாலும் திரும்பிப் போகுதும்மா.”

“நீ வளைஞ்சு வேலை செஞ்சாத்தானே தண்ணி நீ சொல்ற பக்கம் வளையும்” என்றேன். அந்த வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. ஊரில் உள்ளவர்கள் “எங்க வீட்டுல கதவு உராயுது, ஜன்னல் மூடல” என்று சொல்லும் புகார்களைக் காது கொடுத்துக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் வீட்டுப் புகாருக்கு நான் கொடுத்த பதில் அது. அடுத்த வாரமும் சொன்னாய். சோம்பேறி என்றேன். ஆண்ட்டியும் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துவிட்டுக் கல் பதித்த மேஸ்திரியை வரவழைத்தார். ஹனூர்ப் பக்கத்துக்காரர், சாதுவான மனிதர். “என்னப்பா வாட்டம் வெச்சிருக்க? தண்ணி நின்னு கொசு வருது!” அவர் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது போன திசையை நம்ப முடியாமல் பார்த்தார். “நா வெச்சப்ப செரியாத்தானுங்க இருந்துச்சு. தண்ணி ஊத்திக் காட்டிட்டுத்தானுங்களே போனேன்?” நான் குறுக்கே புகுந்து, “ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா, இல்ல கண்ணாலயே முடிச்சிட்டீங்களா?” என்று கேட்டேன். “கண்ணால இல்லீங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து அன்று வந்தது முழுக்க உண்மை: வைத்தபோது சரியாக இருந்தது. வைத்தபோது சரியாக இருந்த வாட்டம் இப்போது தலைகீழாக இருக்கிறது என்றால் நடுவில் நகர்ந்தது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் வேலையைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

தேர் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய சனிக்கிழமை நீ என்னைக் கூப்பிடவில்லை. அடுப்பை அணைத்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். குட்டைச் சுவரின் உட்பக்கத்தில் ரோஸ் நிற நெயில் பாலிஷால் நான்கு கோடுகள். ஒன்றுக்கு மேல் ஒன்று, நடுவில் ஒரு அரிசி படுக்கும் இடைவெளி.

“இது மொதல் சனிக்கிழமை தண்ணி நின்ன எடம். இது அடுத்தது. இது போன வாரம். இது இன்னைக்கு. ஒரே பக்கெட், ஒரே அளவு. நீயே சொல்லு, சோம்பேறித்தனம் வாராவாரம் மேல ஏறுமா?”

உன்னைத் திட்டியதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வந்திருந்தாய். நான் வேலையில், விரிசல் வளர்ந்தால் உடையும்படி அதன் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதிவிட்டு வருவேனே, அதைத்தான் நீ செய்திருந்தாய், யாரும் சொல்லித்தராமல், கோபத்தில். நான் இரண்டு மாதமாகக் கேட்காத அந்தக் கடைசிக் கேள்விக்கு நான்கு கோட்டில் விடை இருந்தது: வளர்கிறது. வெளிவிளிம்பு இறங்கிக்கொண்டே இருக்கிறது. உன்னைக் கையைப் பிடித்து வெடுக்கென்று அறைக்குள் இழுத்தேன். அடிக்கத்தான் இழுக்கிறேன் என்று நினைத்து நீ மறு கையால் கன்னத்தை மறைத்துக்கொண்டாய். கண்ணு, என் வாழ்க்கையில் நான் செய்த எந்தத் தவறை நினைத்தாலும் முதலில் அந்தக் கைதான் கண்முன் வருகிறது. அன்று உனக்கு ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. கதவைத் தாழிட்டு, “யாரும் அங்க போகக்கூடாது” என்று கத்தினேன். தேர் நாளில் கிராதியை ஒட்டிய முதல் இடம் வருடா வருடம் உன்னுடையது. அது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை தாத்தா வந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் கறுத்துவிட்டது. “நா கட்டுன கம்பியவா அம்மிணி சந்தேகப்படற? நாலு எழுத்துப் படிச்சா அப்பன் கட்டுனது கோணையாயிருமா?” நான் வாக்குவாதம் செய்யவில்லை, உன் நான்கு கோடுகளை ஜன்னல் வழியாகக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு போய் இரண்டு ஆட்களோடு இரும்பு முட்டுகள் கொண்டுவந்து, கீழே வாசலிலிருந்து பால்கனிக்கு முட்டுக் கொடுத்தார். அதன் பிறகுதான் நிலைப்படியை ஒட்டி ஒரு கல்லைப் பெயர்த்தோம். நான் பார்த்துவிட்டு விட்ட அந்த மயிரிழைக் கோடு, இப்போது ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு இறங்கும் அகலத்துக்குத் திறந்திருந்தது. தாத்தா உளியை வாங்கி அவரே தோண்டினார். மேலே, கம்பி இருக்க வேண்டிய ஆழத்தில், கம்பி இல்லை. இன்னும் தோண்டினார். பாதிக்கும் கீழே கிடைத்தது, செதில் செதிலாகத் துரு உதிர. விரலால் ஆழத்தை அளந்தார்.

“நா மேலதான் கட்டுனேன்” என்றார். உளியைக் கீழே வைத்துவிட்டு, “கான்கிரீட் போட்ட அன்னைக்கு நா ஊருல இல்ல அம்மிணி. உங்கத்தை மவளுக்குச் சீருன்னு கொள்ளேகாலு போயிட்டேன். ஆளுக மிதிச்சு எறக்கிட்டாங்க. தூக்கிவிட ஆளில்ல.”

பத்மா ஆண்ட்டி எங்கள் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “இதுல நின்னா என்னாகும்?” என்றார். “தெரியாது ஆண்ட்டி. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா யாரும் நிக்கக் கூடாது.” அவர் என்னை நேராகப் பார்த்தார். இரண்டு மாதம் முன் நீதானே யானை நிற்கலாம் என்றாய் என்று அந்த நொடியில் கேட்டிருக்கலாம். தாத்தா பக்கத்தில் இருந்தார், நீ கதவோரம் நின்றாய். கேட்கவில்லை. “ஆய்த்து. யாரும் நிக்க மாட்டாங்க” என்றார்.

சொல்வது சுலபம். புதன்கிழமை காலை எட்டு மணிக்கே பெங்களூரிலிருந்து அவர் வீட்டு உறவுகள் வந்து இறங்கிவிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் பால்கனிக் கதவின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆண்ட்டியின் கொழுந்தனார் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏம்மா இஞ்சினியரே, ரதம் வர்றதே வருஷத்துக்கு ஒரு நாள். அந்தப் பத்து நிமிஷம் தாங்காதா? நான் நாப்பது வருஷமா இங்கதான் நிக்கறேன்!”

“இந்த மாடியே கட்டி இருபத்து மூணு வருஷம்தான் ஆச்சு அங்கிள்.”

பின்னால் சிரிப்பு. “சரி, ஒல்லியா இருக்கறவங்க மட்டும் நிக்கலாமா?” என்றாள் ஒரு பெண். “அப்போ முதல்ல நீ கீழ எறங்கு” என்றாள் இன்னொருத்தி. ஆண்ட்டியின் நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. “நம்ம வீட்டுப் பால்கனிக்கு வாடகைக்கு இருக்கறவங்க பூட்டுப் போடறதா?” என்றார். அடுப்படியிலிருந்து பத்மா ஆண்ட்டியின் குரல் வந்தது: “பூட்டு என்னுது. சாவியும் என்கிட்டதான் இருக்கு. ரதம் பாக்கணும்னா எல்லாரும் தெருவுக்குப் போங்க, சாமி அங்கதான் வருவார்.”

தெருவில் தாத்தா, பால்கனிக்கு அடியில் யாரும் ஒதுங்காமல் கயிறு கட்டிக் காவல் நின்றார். தேர் திரும்பும் நேரம், கூட்டத்தில் யாரோ, “எந்தப் புண்ணியவான் கட்டினான் இதை?” என்று கேலியாகக் கேட்டது மேலே எனக்குக் கேட்டது. அதற்குத் தாத்தா சொன்னதும் கேட்டது. மேளச் சத்தத்தை மீறி, தெரு முழுக்கக் கேட்கும்படி: “நாந்தானுங்க கட்டுனேன். கான்கிரீட் போட்டப்ப கூட நிக்காமப் போயிட்டேன். எந் தப்புதானுங்க.” எழுத்துக்கூட்டிப் படிக்கும் மனிதர், எனக்கு எட்டு வயதில் செய்த ஒரு தவறை, ஊர் முன்னால் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். டிப்ளமா படித்த நான், இரண்டு மாதம் முன் செய்ததை வாய்க்குள் வைத்துக்கொண்டு மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலத்துக்குள் நான் தெருவின் கெட்டிக்காரப் பெண் ஆகிவிட்டேன். அன்று இரவே சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். வருடம் போகப்போகச் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. அடுத்த வாரம் பால்கனியை இடித்தபோது, சுவரோரம் இருந்த கம்பிகளில் இரண்டு சைக்கிள் சக்கரக் கம்பிபோல மெலிந்து கையோடு வந்தன. அது விழுந்திருக்குமா? எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியாது. என் தொழிலில் சரியாகச் சொல்லிவிட்டால் எதுவும் நடக்காது. நடக்காததற்குச் சாட்சி கிடையாது. ஆனால் கிராதியை ஒட்டிய முதல் இடத்தில் உன்னை நிற்க வைத்து, பின்னால் முப்பது பேரை நிறுத்தி மனதுக்குள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைத் தடுப்பது நான் இல்லை. நீதான்.

மேஸ்திரியைத் தேடி இரண்டு மாதம் கழித்து ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் கண்டுபிடித்தேன். மன்னிப்புக் கேட்டேன். “அட, அதனால என்னங்க மேடம்” என்றவர், கொஞ்சம் யோசித்து, “ஆனா ரெண்டு நாளு தூக்கம் வல்லீங்க. நாந்தான் தப்பா வெச்சுட்டனோன்னு” என்றார். நாம் தவறாகக் கண்டுபிடித்தால் நோய் அப்படியே இருக்கிறது, அதோடு ஒரு நிரபராதிக்குத் தூக்கமும் போகிறது. உன் வேலையிலும் இது உண்டு. மெஷின் காட்டும் எண், நீ எதிர்பார்த்த எண்ணாகவே இருந்தால் இன்னொரு முறை பார். தெரிந்தவர் எடுத்த ரத்தம், நல்லவர் கொடுத்த சாம்பிள் என்று எதையும் சலுகையில் விடாதே. நாம் நேசிக்கிறவர்கள் செய்த வேலையை நாம் அடியில் நின்று அண்ணாந்துதான் பார்க்கிறோம். வரிசையில் நிற்கும் பாட்டி, “போன வாட்டி இப்பிடி இல்லையே” என்று முணுமுணுத்தால் நிமிர்ந்து கேள். புகார் சொல்கிறவருக்குக் காரணம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு நன்றியை மட்டும் குறைத்துக்கொள்ளாதே. பத்மா ஆண்ட்டிமேல் எனக்கிருந்த நன்றி உண்மையானது. அதை அவருக்குப் பிடித்த பதிலாகக் கொடுத்ததுதான் பிழை. ஒரு சாண் தரையை உடைத்துக் கொடுத்திருக்க வேண்டும், தூசி கிளம்பினாலும் பரவாயில்லை என்று. நீ அனுப்பிய புனே வீட்டின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சமையலறை மூலையில் இருப்பது வெறும் பூச்சு விரிசல். குளியலறைக் கூரையில் இருக்கும் மஞ்சள் கறை எனக்குப் பிடிக்கவில்லை. மேல்வீட்டில் கேட்டுச் சொல்.

இந்தக் கடிதத்தை எழுதும் முன், செவ்வாய்க்கிழமை தாத்தாவிடம் சொன்னேன். தரையைப் பார்த்தபடி கேட்டார். “அப்போ அன்னைக்குக் கீழ நா ஒருத்தன் தப்ப ஒத்துக்கிட்டு நின்னப்ப, நீ மேல உக்காந்து கேட்டுட்டு இருந்த?” “ஆமாப்பா.” பிறகு பெருமூச்சு விட்டார். “இனி அந்தக் கதைய நா எப்படி அம்மிணி சொல்லறது? நல்லா வந்துட்டு இருந்துச்சு.” எழுந்து போனவர் வாசலில் திரும்பினார். “புள்ளைக்கு எழுதிப் போடு. எனக்குச் சொன்னாப்பல சுருக்கமா எழுதாத” என்றார்.

மறுநாள், நாம் காலி செய்து வந்த அந்த அக்ரஹார வீட்டுக்குப் போனேன். பத்மா ஆண்ட்டிக்கு இப்போது முழங்கால் முடியவில்லை, கீழேயே இருக்கிறார். எட்டு வருடமாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நீ தப்பா சொன்னது எனக்கு மட்டும் தெரியும். தப்புன்னு தெரிஞ்சதும் கதவு முன்னாடி உக்காந்ததையும் நான்தானே பாத்தேன். மிச்சத்தை நீயா சொல்லட்டும்னு விட்டேன். ஸ்வல்ப லேட்டு, அஷ்டே.”

கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்கிறார். எட்டு வருடம் அவருக்குக் கொஞ்சமாக இருக்கிறது. இப்படிப்பட்ட மனிதர்கள் நடுவில் உன்னை வளர்க்கக் கிடைத்ததற்கு நான் யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அதனால் உன்னிடமே சொல்கிறேன். திட்டு வாங்கிய பிறகும் வாயை மூடிக்கொண்டு போகாததற்கு நன்றி. அம்மாவுக்குத் தெரியாததா என்று விட்டுவிடாததற்கு நன்றி. நீ லீவில் வரும்போது யாராவது மறுபடி அந்தக் கதையை ஆரம்பிப்பார்கள். தாத்தா ஆரம்பிக்காவிட்டாலும் அக்ரஹாரத் தெருவில் யாராவது ஆரம்பிப்பார்கள். அப்போது கைதட்டாதே. “அம்மா மொதல்ல தப்பா சொல்லிட்டாங்க, நான்தான் கண்டுபிடிச்சேன்” என்று சொல். நான் பக்கத்தில் இருப்பேன். ஆமாம் என்பேன்.

உன் அம்மா